கத்தி பிடிக்கக் கற்பது யார் உடம்பில்? கை தேர்ந்தபின் வைத்தியம் யாருக்கு?

மணலி புதுநகரில் பொழுது விடியும் முன்பே ஜனங்கள் எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கான்டிராக்ட் வேலைக்குப் போகிறார். இன்னொருவர் எண்ணூர் பக்கம் லாரிப் பட்டறைக்குப் போகிறார். பெண்கள் கூட்டமாக நின்று மீஞ்சூர், பொன்னேரி வயல்களுக்கு நாற்று நடப் புறப்படுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மூலதனம் ஒன்றுதான்: இரண்டு கைகள். அந்தக் கைகளில் ஒன்று மெஷினில் சிக்கினால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஷிப்டில் நம் தோழர் ஒருவரின் வலது கை பிரஸ் மெஷினில் சிக்கியது. மூன்று விரல்கள் துண்டாகிவிட்டன. கூட வேலை செய்தவர்கள் விவரம் அறிந்தவர்கள். விரல்களைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் வைத்த பாத்திரத்தில் போட்டார்கள். (விரல் நேராக ஐஸில் படக்கூடாது. இதை ஒவ்வொரு தொழிலாளியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தினோம். “முன்பணம் கட்டுங்கள். டாக்டர் வர நேரமாகும்” என்றார்கள். முன்பணமாகக் கேட்ட தொகை அவருடைய நான்கு மாதச் சம்பளம். வண்டியைத் திருப்பினோம். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஓர் இளம் டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தோழரின் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. “சின்னப் பையனா இருக்காரே, இவரா ஆபரேஷன் பண்ணப் போறாரு?” என்று கேட்டுவிட்டார். பின்னால் நின்ற பெரிய டாக்டர், “நான் பக்கத்துலயே நிக்கறேம்மா. அவர் கை தப்பினா என் கை பிடிச்சுக்கும். பயப்படாதீங்க” என்றார். விடிகிற நேரத்தில்தான் ஆபரேஷன் முடிந்தது. மூன்று விரல்களில் இரண்டு உயிர் பிழைத்தன. இன்று அந்தத் தோழர் ஸ்பேனர் பிடிக்கிறார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த அம்மாள் இளம் டாக்டரைப் பார்த்து, “இனிமே ஏதாவதுன்னா உங்களைத் தேடித்தான் வருவோம் தம்பி. எங்க இருப்பீங்க?” என்று கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கினார். “படிப்பு முடியப் போகுதும்மா. கடன் இருக்கு. எங்க வேலை கிடைக்குமோ தெரியலை” என்றார்.

தோழர்களே, அந்தத் தயக்கத்தில் ஒரு பெரிய பிரச்னை அடங்கியிருக்கிறது. ரண சிகிச்சை நிபுணரை உருவாக்குவது யார்? உருவான பிறகு அவர் யாருக்கு உழைக்கிறார்?

ஒரு டாக்டரின் கை எப்படித் தேறுகிறது?

பஞ்சாலையில் புதிதாகச் சேர்ந்தவனிடம் முதல் நாளே தறியை ஒப்படைப்பதில்லை. முதலில் பக்கத்தில் நின்று பார்க்கிறான். பிறகு அறுந்த இழையை முடிபோடக் கற்கிறான். பிறகு மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க, தறியை ஓட்டுகிறான். ரண சிகிச்சையும் கைத்தொழில்தான். ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்து முடித்தவருக்குப் புத்தக அறிவு உண்டு. கையில் வேலை இராது. அதற்குப் பின் மூன்று வருஷம் எம்.எஸ். படிக்க வேண்டும். கை ரணசிகிச்சை போன்ற சிறப்புப் பிரிவு என்றால் இன்னும் மூன்று வருஷம். இந்த வருஷங்களில் அவர் முதலில் பார்க்கிறார். பிறகு உதவிக்கு நிற்கிறார். பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கத் தாமே செய்கிறார். கட்டி கீறுவது, ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் என்று எளிய ஆபரேஷனில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதற்கு ஏறுகிறார். படியில் ஒன்று குறைந்தாலும் கை தேறாது.

இந்தப் படிகள் யாருடைய உடம்பு? கூலிக்காரனின் உடம்பு, மூட்டை தூக்கி ஹெர்னியா வந்தவனின் உடம்பு, அரிவாளில் கை கிழிந்த விவசாயத் தொழிலாளிப் பெண்ணின் உடம்பு. அன்றும் இன்றும் இதுதான் நிலைமை.

ஸ்டான்லியின் சரித்திரத்தையே பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பஞ்சத்தில் அடிபட்டுப் பட்டணத்துக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இங்கே இருந்தது. அதையொட்டி 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஒரு வைத்திய சாலையைத் தொடங்கினார். ஜனங்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். வடசென்னைக் கிழவர்களில் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். 1938-ல் இது மருத்துவக் கல்லூரியாயிற்று. முன்பு கவர்னராக இருந்த ஒருவரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. கவர்னர் பெயர் பலகையில் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் கஞ்சித் தொட்டிக்கு வந்த ஏழைகள்!

இன்னொரு விஷயம். 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கைக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று அது நாடு முழுவதும் பெயர் பெற்ற கை ரணசிகிச்சை நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2018-ல் இரு கைகளும் இழந்த ஒருவருக்கு வேறொருவருடைய கைகளைப் பொருத்தும் ஆபரேஷன் இங்கேதான், தமிழ்நாட்டில் முதல் முறையாக நடந்தது. இந்தப் பிரிவு ஏன் ராயபுரத்தில் வளர்ந்தது? பின்னி மில், துறைமுகம், ரயில்வே பட்டறை, எண்ணூர் மோட்டார் ஆலை, மணலி ஆலைகள், இவற்றுக்கெல்லாம் நடுவில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதுதான் காரணம். நசுங்கிய விரல்கள் ஒவ்வொரு நாளும் வந்தன. டாக்டர்களின் திறமையையும் உழைப்பையும் நாம் தலைவணங்கிப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தத் திறமை வடசென்னைத் தொழிலாளியின் விரல்களில் கூர் தீட்டப்பட்டது என்பதையும் யாரும் மறக்கக் கூடாது.

தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி

இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. 1983-ல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ திறக்கப்பட்டது. அதன் பிறகு கம்பெனி ஆஸ்பத்திரிகள் பெருகின. நல்ல கருவிகள், நல்ல தியேட்டர்கள் எல்லாம் அங்கே குவிந்தன. தேசியத் தேர்வு வாரியம் என்று ஒன்று 1975-ல் ஏற்படுத்தப்பட்டு, 1982-ல் தனி ஸ்தாபனமாயிற்று. மருத்துவக் கல்லூரி அல்லாத ஆஸ்பத்திரிகளிலும் இளம் டாக்டர்கள் பயிற்சி பெற்று, இந்த வாரியத்தின் பரீட்சை எழுதி, டி.என்.பி. பட்டம் வாங்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சை கற்கும் வழி இப்படித்தான் திறந்தது.

இந்த வழியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நியாயமாகப் பேச வேண்டும். கோவை கங்கா ஆஸ்பத்திரி 1978-ல் தொடங்கியது, தனியார் ஆஸ்பத்திரிதான். ஆனால் ஆலைகளிலும் சாலைகளிலும் அடிபட்டு வருகிறவர்களின் கையையும் காலையும் காப்பாற்றும் வித்தையை அங்கே வெளிநாட்டு டாக்டர்களும் வந்து கற்கிறார்கள். மதுரையில் 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஒரு தர்ம ஸ்தாபனம். கற்பிப்பதை அது தன் அன்றாட வேலையில் ஒன்றாகவே வைத்துக்கொண்டது. வேலூர் கிறிஸ்தவக் கல்லூரியின் சேவையை யார் மறுப்பார்கள்? ஆகவே சுவர் யாருக்குச் சொந்தம் என்பது மட்டும் கேள்வியல்ல. அந்தச் சுவருக்குள் எது ஆட்சி செய்கிறது, கற்பிக்கும் கடமையா, லாபக் கணக்கா என்பதே கேள்வி.

லாபக் கணக்கு ஆட்சி செய்யும் இடத்தில் இளம் டாக்டரின் கதி என்ன? பல லட்சம் ரூபாய் கட்டிப் படுக்கும் நோயாளி பெரிய டாக்டரின் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார். அவர் கையைத்தான் எதிர்பார்க்கிறார். தியேட்டருக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக் கணக்கு ஓடுகிறது. கற்றுக்கொள்பவர் ஆபரேஷன் செய்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கூடுதல் மணி நேரத்தை எந்த முதலாளி விட்டுக்கொடுப்பான்? எனவே இளம் டாக்டர் கொக்கி பிடித்து நிற்கிறார், கேஸ் எழுதுகிறார், இரவெல்லாம் வார்டைக் காக்கிறார், இன்ஷூரன்ஸ் காகிதங்களைப் பூர்த்தி செய்கிறார். பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆள் அவர்! நமது ஆலைகளில் வருஷக் கணக்கில் ‘அப்ரென்டிஸ்’ என்றே வைத்துக்கொண்டு முழு வேலையும் வாங்குகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எப்போது வெட்டக் கூடாது?

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. ரண சிகிச்சையில் மிகப் பெரிய பாடம் எப்படி வெட்டுவது என்பதல்ல, எப்போது வெட்டக் கூடாது என்பதுதான். அந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆபரேஷனையும் வரவாக எழுதும் இடத்தில் யார் சொல்லிக் கொடுப்பது?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100-க்கு ஏறத்தாழ 64 வயிற்றைக் கிழித்து நடந்தவை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் 100-க்கு 36. அதுவே அதிகம்தான். ஆனால் ஒரே தமிழ்நாட்டுத் தாய்மார், ஒரே மாதிரி உடம்பு. சுவரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை இழந்திருக்கும் கொடுமை 2019-ல் நாடறிய வெளிவந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுகிறான். கடன் வாங்கியாவது கருப்பையை எடுத்துவிடலாம் என்று அந்தப் பெண்கள் தள்ளப்பட்டார்கள். இந்தக் காட்சிகளுக்கு நடுவே பயிற்சி பெறும் இளம் டாக்டர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருவார்? அவர் கெட்டவர் அல்ல. அவர் வளரும் மண் அப்படி.

நம் பணம் எங்கே போகிறது?

“தனியார் ஆஸ்பத்திரி தன் பணத்தில் நடக்கிறது. அதைக் கேட்க நீங்கள் யார்?” என்று சிலர் கேட்கலாம். தன் பணமா? கணக்குப் பார்ப்போம்.

2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. 2018-ல் மத்திய சர்க்காரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று சொல்லப்படுகிறது. இதனால் ஏழைகள் பலர் இருதய ஆபரேஷனும் சிறுநீரக ஆபரேஷனும் செய்துகொண்டு உயிர் பிழைத்தார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இத்திட்டத்தில் பணம் பெறுகின்றன. அது நல்லது. ஆனால் ஜனங்களின் வரிப் பணத்தில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்பதும் உண்மை. அந்தப் பணத்தோடு நோயாளியும் போகிறார். நோயாளியோடு பயிற்சிக்கான வாய்ப்பும் போகிறது. இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1948 ஜூலை 5-ம் தேதி அங்கே எல்லா ஜனங்களுக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதார சேவை பிறந்தது. அதை நிறைவேற்றிய மந்திரி அனூரின் பீவன், சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். உலகமே அந்தச் சேவையைப் புகழ்ந்தது. ஆனால் 2003 முதல் கண் புரை, இடுப்பு மூட்டு போன்ற எளிதில் திட்டமிடக்கூடிய ஆபரேஷன்கள் தனியார் நிலையங்களுக்குக் கான்டிராக்டாக விடப்பட்டன. பணம் சர்க்காருடையது, ஆனால் முதல் சுற்றுக் கான்டிராக்டுகளில் பயிற்சி தர வேண்டும் என்ற கட்டாயம் வைக்கப்படவில்லை. 2006-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டின் சுகாதாரக் கமிட்டியே இதைப் பற்றிக் கவலை எழுப்பியது. 2021-ல் சர்க்கார் பணத்தில் நடந்த கண் புரை ஆபரேஷன்களில் ஏறத்தாழப் பாதி தனியாரிடம் போயிருந்தது. விளைவு என்ன? எளிய கண்கள் தனியாரிடம். சிக்கலான கண்கள் சர்க்காரிடம். முதல் படி இல்லாத ஏணியில் இளம் டாக்டர்கள் எப்படி ஏறுவார்கள்? அவர்களுடைய சங்கங்களும் கல்லூரிகளும் கூக்குரல் எழுப்பின. நாளைக்கு நமக்கு வரப்போகும் ஆபத்தை அந்த நாடு இன்றே காட்டுகிறது.

நிபந்தனை போட்டால் மட்டும் போதாது. அதை நிறைவேற்ற வைக்கவும் வேண்டும். தில்லியில் இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் பெயரளவுக் குத்தகைக்குச் சர்க்கார் நிலம் கொடுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்குப் படுக்கைகள் ஏழைகளுக்கு இலவசம் என்பது நிபந்தனை. கடைசியில் என்ன நடந்தது? அந்த நிபந்தனையை நிறைவேற்ற வைக்க வழக்கறிஞர் சங்கம் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2009-ல் ஹைகோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்தது. காகிதத்தில் இருக்கும் நிபந்தனை ஏழையின் படுக்கையாக மாறுவதற்கு யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் தில்லி தரும் படிப்பினை.

நாம் என்ன சோதனை எலிகளா?

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: “பணக்காரனுக்குப் பெரிய டாக்டர், நமக்குக் கற்றுக்குட்டியா? நமக்கும் பெரிய டாக்டரே வேண்டும் என்று கேட்பதுதானே நியாயம்?”

கேள்வி நியாயமானது. ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். எல்லோரும் பெரிய டாக்டரையே கேட்டால் பத்து வருஷம் கழித்துப் பெரிய டாக்டர் என்று ஒருவர் எங்கிருந்து வருவார்? கற்பது குற்றமல்ல. மேற்பார்வை இல்லாமல் கற்பது குற்றம். நோயாளிக்குச் சொல்லாமல் கற்பது குற்றம். ஏழையின் உடம்பில் மட்டும் கற்றுக்கொண்டு, பணக்காரனுக்கு மட்டும் வைத்தியம் செய்வது பெருங்குற்றம். ஸ்டான்லியில் அன்று இரவு அந்தப் பெரிய டாக்டர் சொன்ன வார்த்தை இருக்கிறதே, “நான் பக்கத்துலயே நிக்கறேம்மா” என்று, அதுதான் நியாயமான பயிற்சியின் இலக்கணம். அந்த வார்த்தை ஒரு நல்ல மனிதரின் குணத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. சட்டமாக இருக்க வேண்டும்.

இன்னொரு தோழர், “சர்க்கார் பணத்தில் படித்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடுகிற டாக்டரைத்தான் முதலில் கேட்க வேண்டும்” என்பார். அவசரப்பட வேண்டாம். அந்த இளம் டாக்டரும் உழைப்பாளிதான். நமக்கு வாரம் 48 மணி நேரம் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. பயிற்சி டாக்டருக்கும் வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய சர்க்காரின் விதி எழுதப்பட்டது. ஆனால் அந்த விதி எத்தனை ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது? இரவும் பகலுமாகத் தொடர்ந்து நின்று வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருந்த பயிற்சிப் பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்டார். ஓய்வெடுக்கப் பத்திரமான ஓர் அறைகூட இல்லாத அவலம் அன்று நாடு முழுவதும் தெரிந்தது. 2019 அக்டோபர் கடைசியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் டாக்டர்கள் ஒரு வாரம் வேலை நிறுத்தம் செய்தார்களே, எதற்காக? நியாயமான சம்பளத்துக்காக, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற டாக்டர் பணியிடங்களுக்காக, சர்க்கார் சேவையில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் இடம் வேண்டும் என்பதற்காக. ஆகவே டாக்டரைத் திட்டிப் பயனில்லை. கடனையும் கடுமையான வேலையையும் காட்டி அவரைத் துரத்தும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

மேலே சொன்ன மேற்படிப்பு இடம் சாதாரண விஷயமல்ல. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷக் கணக்கில் உழைத்த டாக்டர் மேற்படிப்புப் படித்தால், பெரும்பாலும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருவார். மாவட்ட ஆஸ்பத்திரியில் நடுராத்திரி குடல் வெடித்து வரும் கூலித் தொழிலாளிக்குக் கத்தி பிடிக்க அங்கே ஆள் இருப்பது இதனால்தான். இந்த ஒதுக்கீட்டுக்குத் தடை வந்தது. டாக்டர்கள் சங்கம் கோர்ட்டில் போராடியது. 2020 ஆகஸ்டு 31-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இது டாக்டர்களின் வெற்றி மட்டுமல்ல, நாற்று நடும் பெண்ணின் வெற்றியும்கூட.

நம் கோரிக்கைகள்

எனவே நாம் கேட்பது என்ன?

ஒன்று: எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஜனங்களின் பணத்தில் ஆபரேஷன் நடக்கிறதோ, அங்கே பயிற்சி தருவது கடமையாக வேண்டும். இளம் டாக்டர் எத்தனை ஆபரேஷனைத் தம் கையால் செய்தார், அப்போது பக்கத்தில் நின்ற மூத்தவர் யார் என்பதை வெளியார் வந்து சோதிக்க வேண்டும். கொக்கி பிடித்த கணக்கைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருக்குத் தரும் படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் தருவதைவிட ஒரு காசும் குறையக் கூடாது.

இரண்டு: அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் குறிப்பிட்ட காலம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வேண்டும். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2021 முதல் எம்.டி., எம்.எஸ். சேரும் மாணவர்கள், தனியார் கல்லூரி மாணவர்கள் உட்பட, மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மூன்று மாதம் போதாது, அதை நீட்டுங்கள். ஆனால் தங்குமிடமும் சம்பளமும் மேற்பார்வையும் கொடுத்துவிட்டு நீட்டுங்கள்.

மூன்று: இன்ஷூரன்ஸ் திட்டத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கும் எளிய ஆபரேஷன்களின் பட்டியலைப் பெரிதாக்க வேண்டும். அதோடு திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பொன்னேரி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் தியேட்டர் நடக்க டாக்டரும் நர்சும் மயக்க மருந்து நிபுணரும் நியமிக்க வேண்டும். படுக்கையும் ஆளும் தராமல் பட்டியலை மட்டும் நீட்டினால் ஏழை வரிசையில் நின்றே சாவான்.

நான்கு: இ.எஸ்.ஐ. பணம் நம் பணம். 1952-ல் தொடங்கிய இத்திட்டத்துக்கு, சம்பளத்தில் முதலாளி 3.25 சதவிகிதமும் தொழிலாளி 0.75 சதவிகிதமும் கட்டுகிறார்கள். 2019 ஜூலையில் இந்த விகிதத்தைக் குறைத்தபோது, 4.75-லிருந்து 3.25-க்கு இறங்கிய முதலாளிக்குத்தான் பெரிய லாபம். இந்தப் பணத்திலிருந்து மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் விபத்துச் சிகிச்சைக்கும் கைக்காயத்துக்கும் ஒரு நிலையம் வேண்டும். அது பயிற்சி நிலையமாகவும் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26-ம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் ஓடினார்களே, அதை மறந்துவிட முடியுமா? இத்தனை ஆலைகளைக் கொண்டுவந்து இங்கே குவித்தவர்கள் ஒரு முழுமையான விபத்து ஆஸ்பத்திரியையும் கொண்டுவர வேண்டாமா?

ஐந்து: கத்தி பிடிப்பவர் யார், மேற்பார்வை செய்பவர் யார் என்பதைச் சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் நோயாளிக்குத் தமிழில் சொல்லி, அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆறு: பயிற்சி டாக்டருக்கு எழுதப்பட்ட வேலை நேரம் நடைமுறைக்கு வர வேண்டும். தூக்கம் இல்லாத கை நம் வயிற்றில் கத்தி வைக்கக் கூடாது.

நடக்குமா?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சேதி. அப்பல்லோ திறந்த அதே 1983-ல் நாட்டின் இன்னொரு மூலையில் இன்னோர் ஆஸ்பத்திரியும் திறந்தது. சத்தீஸ்கர் பிரதேசத்தில் தல்லி ராஜ்ஹரா என்ற ஊர். இரும்புச் சுரங்கத் தொழிலாளிகள், சங்கர் குகா நியோகியின் சங்கத்தில் திரண்டவர்கள், தங்கள் சந்தாப் பணத்தாலும் தங்கள் உழைப்பாலும் சஹீத் ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். போராட்டத்தில் உயிர் நீத்த தோழர்களின் நினைவாக அந்தப் பெயர் வைத்தார்கள். படித்த டாக்டர்கள் தேடிப்போய் அங்கே வேலை செய்தார்கள். நியோகி 1991-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரி சாகவில்லை. மண் சுமந்தவர்களால் ஒரு ஆஸ்பத்திரி கட்ட முடிந்தது. 1918-லேயே இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தைக் கட்டிய பெரம்பூர்த் தொழிலாளியின் பேரப் பிள்ளைகளால், இருக்கும் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றவும் வளர்க்கவும் முடியாதா?

அடுத்த கேட் கூட்டத்தில் போனஸ் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். கிராம சபையில் சாலையைக் கேட்கும்போது ஆபரேஷன் தியேட்டரையும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “ராத்திரி கை நசுங்கினா எங்களை எங்க தூக்கிட்டுப் போவீங்க?” என்று கேளுங்கள். இளம் டாக்டர்கள் தங்கள் கோரிக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்காரும்போது, நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: “எங்க இருப்பீங்க தம்பி?” நம் விரல்களில் கற்ற கை, நமக்கு வேண்டிய இடத்திலேயே இருக்க வேண்டும். “இங்கேதாம்மா, உங்க பக்கத்துலதான் இருப்பேன்” என்று அந்த இளம் டாக்டர் தயங்காமல் சொல்லும் நிலைமையை உண்டாக்குவது அவர் ஒருவரால் ஆகாது. அது நம் எல்லோருடைய வேலை.